மகிழமரத்தடியில் ஒரு சத்தியம்: சரித்திரக் கதைகளும் பெண் விடுதலையும்

வடசென்னை என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது துறைமுகமும் கன்டெய்னர் லாரிகளும் காசிமேட்டு மீன் ஏலமும்தான். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் இந்தக் கடற்கரைக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட எழுத்து வரலாறு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. திருவொற்றியூர் தேரடி மெட்ரோ நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால் தியாகராஜர் - வடிவுடையம்மன் கோயில். அந்தக் கோயிலுக்குள் ஒரு மகிழமரம். கல்லில் வெட்டிய எழுத்துகள் நூற்றுக்கும் மேல். தமிழில் பெண் விடுதலையைப் பற்றிச் சரித்திரக் கதைகள் என்ன சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம்!

முதலில் மகிழமரத்தின் கதை.

சங்கிலியார் கேட்ட உறுதி

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கச் சோழன் காலத்தில் பெரிய புராணம் பாடினார். அதில் வரும் சுந்தரர் அவருக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவர். தம் காலத்துக்கு முன் வாழ்ந்தவர்களின் வாழ்க்கையை, ஊர் ஊராகக் கிடைத்த செய்திகளைக் கொண்டு, பாத்திரங்களாக்கிச் சொன்ன நூல் அது. பக்தர்களுக்கு அது திருமுறை. இலக்கியமாகப் படிப்பவர்கள் அதைத் தமிழின் பழைய சரித்திரக் கதைகளில் ஒன்று என்றும் சொல்லலாம்.

செங்குன்றத்துக்கு வடக்கே ஞாயிறு என்று ஓர் ஊர். அங்கே பிறந்தவர் சங்கிலியார். பெண்ணுக்கு வயது வந்ததும் பெற்றோர் கல்யாணப் பேச்சை எடுத்தார்கள். அதைக் கேட்டதுமே அந்தப் பெண் மயங்கி விழுந்தார். தெளிந்ததும், இந்தப் பேச்சு தனக்குப் பொருந்தாது என்றும் திருவொற்றியூருக்குப் போய் இறைவன் தொண்டில் இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். பெற்றோர் கடைசியில் இணங்கினார்கள். கோயிலருகே கன்னிமாடம் அமைத்துக் கொடுத்தார்கள். சங்கிலியார் அங்கே பூத்தொடுத்து வாழ்ந்தார்.

அங்கே வந்த சுந்தரர் அவரைக் கண்டு விரும்பி இறைவனிடமே கேட்கிறார். இறைவன் சங்கிலியாரின் கனவில் வந்து சொல்கிறார். கனவில் கடவுளே வந்து கேட்டாலும் சங்கிலியார் ஒரு உண்மையை மறைக்காமல் எடுத்து வைக்கிறார்: அவர் ஏற்கனவே திருவாரூரில் மகிழ்ந்து வாழ்கிறவர் ஆயிற்றே! அங்கே பரவையார் இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. 'உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து தருவான்' என்ற உறுதி அப்போதுதான் வருகிறது.

சுந்தரரும் லேசுப்பட்டவர் அல்ல. சந்நிதியில் சத்தியம் செய்யப் போகும் நேரத்தில் இறைவன் மகிழமரத்தடிக்கு எழுந்தருள வேண்டும் என்று முன்கூட்டியே வேண்டிக்கொண்டார். சாட்சி இல்லாத இடத்தில் செய்த சத்தியம் கட்டாது அல்லவா? ஆனால் செய்தி சங்கிலியாருக்கு முன்பே தெரிந்துவிட்டது. சந்நிதியில் வேண்டாம், மகிழடியில் செய்தால் போதும் என்று தோழிகள் சொல்ல, சுந்தரர் மாட்டிக்கொண்டார். பின்னர் அந்தச் சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் அவருடைய கண் பார்வை போய்விட்டது என்கிறது புராணம். இன்றும் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது இரண்டு. கல்யாணம் வேண்டாம் என்று ஒரு பெண் சொல்கிறார், அதற்கு ஒரு இடமும் கிடைக்கிறது. பிறகு கல்யாணத்துக்குச் சம்மதிக்கும்போது வெறும் அன்பை நம்பாமல் சாட்சியுடன் உறுதிமொழி கிடைக்கும்படி பார்த்துக்கொள்கிறார். வணிகம் படிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். அது ஒரு ஒப்பந்தம்.

ஆனால் கதை அதோடு சங்கிலியாரை விட்டுவிடுகிறது! சுந்தரர் கண்ணிழந்து காஞ்சிக்குப் போகிறார், ஒரு கண் பெறுகிறார், திருவாரூருக்குப் போகிறார், மற்றொரு கண் பெறுகிறார். பரவையாரின் கோபத்தைத் தணிக்கக் கடவுளே தூது போகிறார். கதை அவரோடு ஊர் ஊராக நடக்கிறது. திருவொற்றியூரில் தனியாக நின்ற சங்கிலியாருக்கு மறுநாள் காலை எப்படி விடிந்தது என்று கேட்க ஆளில்லை. நம் சரித்திரக் கதைகளில் பெண்களுக்கு அடிக்கடி நடப்பது இதுதான். நடுவில் பெரிய இடம் கிடைக்கும். முடிவில் அது கைநழுவும்.

சிவகாமியும் பூங்குழலியும்

நவீன காலத்துக்கு வருவோம். தமிழில் சரித்திர நாவலை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர் கல்கி. அவருடைய பெண்கள் மூலையில் நிற்பவர்கள் அல்ல. குந்தவை அரசியல் நடத்துகிறாள். நந்தினி ஒரு சாம்ராஜ்யத்தையே ஆட்டி வைக்கிறாள். தன் சபதத்துக்காகப் பகைவர் ஊரில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறாள் சிவகாமி. புயலில் படகு செலுத்துகிறாள் பூங்குழலி. அந்தக் காலத்துப் பத்திரிகைக் கதைகளில் அழுதுகொண்டே இருந்த நாயகிகளை நினைத்துப் பார்த்தால் இது பெரிய மாற்றம். அதை மறுக்கவே முடியாது.

இந்தப் பெண்கள் எங்கே போய் முடிகிறார்கள்?

'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமி, நாட்டியத்தில் ஈடு இணையில்லாதவள். வாதாபியில் சிறை இருக்கிறாள். சபதம் நிறைவேறித் திரும்பும்போது மாமல்லருக்குப் பாண்டிய இளவரசியுடன் திருமணம் முடிந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. கடைசியில் ஏகாம்பரநாதரையே கணவராக வரித்துத் தாலி கட்டிக்கொண்டு அவர் சந்நிதியில் ஆடுகிறாள். படித்தவர்கள் கண் கலங்கிய இடம் அது.

அந்த வருடங்களில் வெளியே என்ன நடந்தது? பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டு வந்தார். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் தம் சொந்த அனுபவத்திலிருந்து 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலை வெளியிட்டார். இருபது வருடப் போராட்டத்துக்குப் பிறகு 1947இல் தடைச் சட்டம் வந்தது. ஒரு பக்கம் கடவுளுக்குத் தாலி கட்டுவதை நிறுத்தச் சட்டம் தயாராகிக் கொண்டிருந்தது. மறுபக்கம் நாவலில் அதே செயல் ஒரு பெண்ணின் துயரத்துக்கு மிக உயர்ந்த முடிவாக வந்து நின்றது.

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வந்தது. பூங்குழலி கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலரின் மகள். அவளிடம் சொந்தப் படகு இருக்கிறது, துடுப்புப் போடத் தெரிகிறது, கடலின் குணம் தெரிகிறது. யாருடைய அனுமதியும் கேட்காமல் இலங்கைக்கே போய் வருகிறாள். இளவரசரை அலைகளிலிருந்து காப்பாற்றுகிறாள். காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் மீன்கூடையோடு ஏலத்தில் நின்று விலை பேசும் பெண்களைப் பார்த்தவர்களுக்குப் பூங்குழலி கற்பனை என்றே தோன்றாது. முடிவில் அவள் சேந்தன் அமுதனை மணக்கிறாள். அவன்தான் உண்மையான மதுராந்தகன் என்று தெரிய வருகிறது. படகுக்காரி பட்டத்து ராணி ஆகிறாள். இது வெகுமதி மாதிரி தெரிகிறது. கணக்கு எழுதிப் பார்த்தால், தன் கையால் ஓட்டிய படகைக் கொடுத்துக் கணவன் வழியாக வந்த சிம்மாசனத்தை வாங்கியிருக்கிறாள்.

இதே ஆண்டுகளில்தான் டெல்லியில் இந்து சட்டத் தொகுப்பு மசோதா பெரிய சண்டையாக நடந்துகொண்டிருந்தது. பெண்ணுக்குச் சொத்தில் பங்கு, விவாகரத்து உரிமை எல்லாம் அதில் இருந்தன. மசோதா நிறைவேறாமல் இழுத்தடிக்கப்பட்டதும் 1951இல் டாக்டர் அம்பேத்கர் மந்திரி பதவியை விட்டதற்கு ஒரு முக்கியக் காரணம். 1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் கூட மகளுக்கு முழுச் சமபங்கு கிடைக்கவில்லை.

கல்கிக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைத்தால் தவறு. அவருடைய சமூகக் கதையான 'தியாகபூமி' 1939இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது. அதில் கணவனால் துரத்தப்பட்ட சாவித்திரி, பின்னர் பெரிய சொத்துக்கு உரியவளாகித் திரும்புகிறாள். சேர்ந்து வாழச் சொல்லிக் கணவன் வழக்குப் போடும்போது அவனோடு வாழ மறுக்கிறாள். வேண்டுமானால் அவனுக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள்! கையில் சொத்து இருப்பதால்தான் அந்தப் பேச்சு பேச முடிகிறது. சமகாலக் கதையில் இதை அவ்வளவு தெளிவாகச் சொன்ன அதே பேனா, பழங்காலத்துக்குப் போனதும் பெண்ணுக்கு வீரம் கொடுத்தது, அறிவு கொடுத்தது, அழகு கொடுத்தது. தனக்கென்று ஒரு பிடி நிலம், ஒரு வருமானம் என்ற பேச்சு மட்டும் முக்கிய இடத்துக்கு வரவில்லை.

பழங்காலத்தில் பெண்ணுக்கு ஏது சொத்து என்று கேட்கலாம். அதற்குப் பதில் கல்லில் இருக்கிறது.

கல் என்னும் கணக்குப் புத்தகம்

கல்வெட்டு என்றால் மன்னர் புகழ் என்று பாடப்புத்தகம் சொல்லிக் கொடுத்துவிட்டது. மெய்க்கீர்த்தியைத் தாண்டிப் படித்தால் கல்வெட்டின் பெரும்பகுதி கணக்குதான். யார் எவ்வளவு கொடுத்தார், எத்தனை ஆடு, எவ்வளவு பொன், எந்த நிலம், வட்டி எவ்வளவு, அதில் எத்தனை விளக்கு எரிய வேண்டும். இந்தக் கணக்கில் பெண்கள் பெயர் நிறைய வருகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில், தாம் கொடுத்ததையும் அக்கா குந்தவை கொடுத்ததையும் தம் தேவியர் கொடுத்ததையும் மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னார் முதலாம் இராசராசன். நாவலில் சதிகளை முறியடிக்கும் குந்தவை, கல்லில் பொன்னும் நகையும் தன் பெயரில் வைத்திருந்து எழுதிக் கொடுப்பவர். அதே கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும் அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர்கள் என்பதும் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் தரும் ஒரு பங்கு. அவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்தப் பணியைச் செய்யலாம் என்ற விதியும் உண்டு. அரசன் ஆணைப்படி ஊர் மாற்றப்பட்டவர்கள் அவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அதை முழு விடுதலை என்று சொல்ல முடியாது. ஆனாலும் 400 உழைக்கும் பெண்களுக்குப் பெயர், விலாசம், வருமானம் மூன்றும் பதிவாகியிருக்கின்றன.

திருவொற்றியூருக்குத் திரும்புவோம். இங்குள்ள கல்வெட்டுகளைத் தொல்லியல் துறையினர் 1912இல் பெருமளவில் படியெடுத்தார்கள். அவற்றுள் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒன்றில் சதுரன் சதுரி என்ற பெண் வருகிறார். அவர் தேவரடியார். நாகன் பெருங்காடன் என்பவரின் மனைவியும்கூட. கோயிலுக்குக் கொடை கொடுத்ததால் அவர் பெயர் கல்லில் ஏறியது. தேவரடியார் என்றாலே திருமணம் அற்றவர், ஆடல் பாடல் மட்டுமே தெரிந்தவர் என்ற நம் எண்ணத்தை இந்த ஒரு கல்லே அசைத்துவிடுகிறது. லெஸ்லி ஓர் என்ற ஆய்வாளர் 2000இல் வெளியிட்ட தமது நூலில், சோழர் காலக் கோயில் பெண்கள் கல்வெட்டுகளில் நடனம் ஆடுபவர்களாக வருவதைவிடக் கொடையாளர்களாகவே அதிகம் வருகிறார்கள் என்று காட்டியிருக்கிறார்.

14ஆம் நூற்றாண்டில் இதே கோயிலில் பதியிலார், இடபத்தளியிலார், தேவரடியார் என்று மூன்று பிரிவுப் பெண்கள் இருந்தார்கள். எந்தச் சந்நிதியில், எந்த விழாவில், எந்தப் பணி யாருடையது என்று அவர்களுக்குள் தகராறு வந்தது. இராசநாராயண சம்புவராயர் காலத்தில் ஒருமுறை, பின்னர் விஜயநகரத்துக் கம்பணர் காலத்தில் மறுபடியும். விசாரணை நடந்து முடிவு கல்லில் வெட்டப்பட்டது. இதைப் பெண்களின் சண்டை என்று சிரித்துவிட்டுப் போகலாம். இன்று எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் எந்த வேலை எந்தப் பிரிவுக்கு என்று தொழிற்சங்கங்கள் மோதினால் அதைத் தொழில் தகராறு என்கிறோம். இதுவும் அதுதான். தங்கள் வேலை தங்களுக்கு உரிமை என்று நினைத்தவர்கள்தான் அதற்காக வழக்காடுவார்கள்.

இதே கோயிலின் இன்னொரு கல் மனதைக் கனக்கச் செய்கிறது. 13ஆம் நூற்றாண்டில், மூன்றாம் இராசராசன் காலத்தில், ஐந்து பெண்களையும் அவர்கள் வழிவருபவர்களையும் நெல் குத்தும் வேலைக்காகக் கோயிலுக்குக் கொடுத்ததாக அது பதிவு செய்கிறது. அங்கே பெண் கொடையாளி அல்ல, கொடைப் பொருள். பிறக்காத பேத்தியும் சேர்த்து எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறாள்.

ஒரே கோயில். ஒரு சுவரில் சொத்து உள்ள பெண். இன்னொரு சுவரில் சொத்தாகிவிட்ட பெண். இரண்டையும் பிரிப்பது வீரமோ அழகோ அறிவோ அல்ல. கணக்கில் அவள் எந்தப் பக்கம் எழுதப்பட்டாள் என்பதுதான்.

அரண்மனைக்கு வெளியே ஒரு வழி

சரித்திர நாவலால் இதைச் சொல்லவே முடியாதா? முடியும். சிக்ரிட் உண்ட்செட் என்ற நார்வே எழுத்தாளர் 1920 முதல் 1922 வரை எழுதிய 'கிறிஸ்டின் லாவ்ரன்ஸ்டாட்டர்' 14ஆம் நூற்றாண்டுப் பண்ணை வீட்டுப் பெண் ஒருத்தியின் முழு வாழ்க்கையைச் சொல்கிறது. அவள் போர் செய்வதில்லை. பண்ணையை நடத்துகிறாள், கணவன் செய்த குளறுபடிகளைச் சமாளிக்கிறாள், பிள்ளைகளை வளர்க்கிறாள். 1928இல் அந்த ஆசிரியருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தமிழிலும் ராஜம் கிருஷ்ணன் அந்தப் பாதையில் நடந்தார். 'பாதையில் பதிந்த அடிகள்' என்ற நாவல் மணலூர் மணியம்மாளின் உண்மை வாழ்க்கையைக் கொண்டது. இளம் வயதில் கணவனை இழந்த பிராமணப் பெண் அவர். தலைமுடியை வெட்டிக்கொண்டு வேட்டியும் சட்டையும் அணிந்து, கீழத்தஞ்சைக் கூலி விவசாயிகளோடு நின்று சங்கம் கட்டியவர். ராஜம் கிருஷ்ணன் ஊர் ஊராகப் போய், அவரை அறிந்தவர்களைக் கேட்டு எழுதினார். அதில் இளவரசி கிடையாது, சிம்மாசனம் கிடையாது. கூலியும் நிலமும் இருக்கின்றன. பெண் விடுதலையைச் சரித்திரத்தில் தேடிய நாவல் என்றால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கதைக்கு எதற்கு இவ்வளவு கணக்கு வழக்கு என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. பலருக்குப் பழைய வரலாறு மனதில் பதிவது பாடப்புத்தகத்தால் அல்ல, நாவலால்தான். அந்தக் காலத்தில் பெண்கள் எப்படி இருந்தார்கள் என்று கேட்டால் குந்தவையும் நந்தினியும்தான் கண் முன்னே வருகிறார்கள். அவர்கள் வழியாகப் படிந்துவிடும் எண்ணம் இதுதான்: தைரியம் இருந்தால் பெண் சுதந்திரமாக இருக்கலாம். தைரியம் இல்லாதவள் கஷ்டப்பட்டால் அது அவள் குறை. நெல் குத்தக் கொடுக்கப்பட்ட அந்த ஐந்து பெண்களிடம் தைரியம் இல்லாமலா இருந்திருக்கும்?

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் மகளுக்குப் பரம்பரைச் சொத்தில் சமபங்கு தரும் சட்டத் திருத்தம் வந்தது 1989இல். நாடு முழுவதற்கும் வந்தது 2005இல். தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே 60 வருடங்கள். அந்த 60 வருடங்களில்தான் தமிழின் புகழ்பெற்ற சரித்திர நாவல்கள் பலவும் எழுதப்பட்டன. இன்றும் சட்டம் இருக்கிறது. ஆனாலும் பத்திரத்தில் அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடும் பெண்ணை நல்ல பெண் என்று சொல்லும் வழக்கம் போகவில்லை.

சங்கிலியார் கதையை இந்த வெளிச்சத்தில் மறுபடி பார்த்தால் அதன் அருமை தெரிகிறது. அன்பான வார்த்தை போதாது, சாட்சி வேண்டும், சாட்சி நிற்கும் இடத்தில் சத்தியம் வேண்டும் என்று அவர் தரப்பு நின்றது. சத்தியத்தை மீறியவருக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் கைவிடப்பட்டவருக்கு என்ன கிடைத்தது? அந்தக் கேள்வி இன்னும் மகிழமரத்தடியிலேயே நிற்கிறது.

திருவொற்றியூரில் ஒரு சரித்திர நாவல் தொடங்க வேண்டுமானால் அரண்மனை தேவையில்லை. பூத்தொடுக்கும் சங்கிலியார் இருக்கிறார். கொடை எழுதும் சதுரன் சதுரி இருக்கிறார். பணி உரிமைக்காக வழக்காடும் பதியிலார் இருக்கிறார்கள். உரலடியில் பெயர் தெரியாத ஐந்து பெண்கள் இருக்கிறார்கள். கரையில் வலை காய்கிறது, படகு நிற்கிறது. படகைக் கடைசி அத்தியாயத்தில் பிடுங்கிக்கொள்ளாமல் எழுத ஒருவர் வந்தால் போதும்.

அப்படி ஒரு நாவலை ஏற்கனவே படித்தவர்கள் இருந்தால் அதன் பெயரைச் சொல்லுங்கள். எழுத நினைப்பவர்கள் இருந்தால் ஒருமுறை தேரடியில் இறங்கி அந்தச் சுவர்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்!